துக்கத்தில் இருக்கும் வகுப்பில் நாடக விளையாட்டு: செய்யலாமா, எப்படித் தொடங்குவது?

எட்டாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார்: "என் வகுப்புப் பையன் ஒருவன் கோடை விடுமுறையில் ஏரியில் மூழ்கி இறந்துவிட்டான். பள்ளி திறந்து இரண்டு மாதம் ஆகிறது. சில பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. சிலர் எதற்கெடுத்தாலும் அடித்துக்கொள்கிறார்கள். இம்ப்ரோவ் என்கிற தயாரிப்பில்லாத நாடகம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உதவும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். எனக்கு நாடகம் தெரியாது. அதை வைத்து இவர்கள் துக்கத்தை வெளியே கொண்டுவர முடியுமா? செய்யப்போய் ஏதாவது ஆகிவிடுமா?"

டீச்சர், இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். துக்கத்தை வெளியே கொண்டுவர வேண்டும் என்று தொடங்கினால் ஆகிவிடும். விளையாட வேண்டும் என்று தொடங்கினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, நல்லதுதான் நடக்கும். இதை நான் தப்புச் செய்துதான் கற்றுக்கொண்டேன்.

2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அடுத்த மாதம் அந்தக் கரையில் ஒரு முகாமில் பிள்ளைகளோடு இருக்கப் போன இளைஞர்களில் நானும் ஒருவன். நாடகம் தெரியும் என்ற தைரியம் எங்களுக்கு. "அன்னைக்கு என்ன நடந்துச்சோ அதை நடிச்சுக் காட்டுங்க" என்று கேட்டுவிட்டோம். பத்து வயது இருக்கும், ஒரு பையன் அலையாக நடிக்கிறேன் என்று வந்தான். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான். தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. கூப்பிட்டாலும் திரும்பவில்லை, கண் எங்கோ இருந்தது. கடைசியில் அவனுடைய ஆயா வந்து கையைப் பிடித்து மெதுவாக இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது எங்களை அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இன்றைக்கும் தோன்றும்.

நாலைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், அதே முகாமில், பெரியவர்கள் யாரும் சொல்லாமல் பிள்ளைகளே ஒரு விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி "தண்ணி வருது!" என்று கத்துவாள். எல்லோரும் ஓடிப்போய் அங்கே கொட்டியிருந்த மணல்மேட்டில் ஏறுவார்கள். கடைசியாக வருபவனை மேலே இருப்பவர்கள் கைகொடுத்துத் தூக்குவார்கள். இறங்கி, மறுபடியும் முதலிலிருந்து. அந்தப் பையனும் ஓடினான், ஏறினான், சிரித்தான். அதே அலைதான். எங்களிடம் அவன் யாரோ கேட்டதற்காக அலையாக நின்றான். இங்கே அவனே சேர்ந்துகொண்டான், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், இந்த ஆட்டத்தில் எல்லோரும் மேட்டில் ஏறிவிடுகிறார்கள். அந்த மணல்மேட்டில் பார்த்ததைத்தான் இத்தனை வருடமாக வகுப்புகளில் செய்ய முயன்றுகொண்டிருக்கிறேன்.

பெரிய அதிர்ச்சிக்கு உள்ளானவர்களை உட்காரவைத்து, நடந்ததை ஒரே அமர்வில் சொல்லவைத்து வடிய விடுவது முன்பு ஒரு வழக்கமாக இருந்தது. அதைச் செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே இப்போது சொல்கிறது. ஆகவே உங்கள் பயிற்சியில் யாராவது "ஏரிக்கரைக் காட்சியைப் பிள்ளைகளை நடிக்கச் சொல்லுங்கள், அழுது தீர்த்துவிடுவார்கள்" என்று சொல்லியிருந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

நாடகம் தெரியாதே என்ற பயமும் வேண்டாம். தயாரிப்பில்லாத நாடகம் நம் ஊருக்குப் புதிதில்லை. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழாவில் ஸ்பெஷல் நாடகம் பார்த்திருப்பீர்கள். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து, பபூன் வேறெங்கிருந்தோ. ஒத்திகை கிடையாது. ராத்திரி மேடையேறி விடியவிடிய வள்ளி திருமணம் நடத்துவார்கள். கதையும் பாட்டும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தில் அவர் என்ன கேட்பார், இவர் என்ன மடக்குவார் என்பது அங்கேதான் முடிவாகும். அடுத்தவர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டால்தான் நமக்குப் பேச ஏதாவது கிடைக்கும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊர்க்காரரை வம்புக்கிழுப்பதும் இதே வித்தைதான்.

வகுப்பறைக்கு ஏற்ற மாதிரி இதை விளையாட்டுகளாகச் செய்து கொடுத்தவர் சிகாகோவைச் சேர்ந்த வயோலா ஸ்போலின் என்ற அம்மையார். 1920-களில் அங்கே குடியேறிகளுக்காக நடந்த ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தில் நேவா பாய்ட் என்பவரிடம் குழு விளையாட்டுகளைப் படித்தார். பிறகு 1939 முதல் 1941 வரை, பெருமந்தம் என்ற பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்தவர்களுக்காக அமெரிக்க அரசு நடத்திய திட்டத்தில் நாடகப் பொறுப்பாளராக இருந்தார். அவர் முன்னால் உட்கார்ந்த குடியேறிக் குடும்பத்துப் பிள்ளைகளின் வீட்டில் ஆளுக்கொரு மொழி, எல்லா வீட்டிலும் கஷ்டம். அவர்களிடம் வசனத்தைக் கொடுத்து மனப்பாடம் செய் என்றால் நடக்காது. ஆளுக்கு ஒரு சின்னப் பிரச்சினையைக் கொடுத்தார்: 'கையில் இல்லாத பந்தை இருப்பது போல எறி.' பந்தின் மேல் கவனம் போனதும் கூச்சம் தானாகக் கழன்றுவிடுகிறது என்று கண்டுகொண்டார். 1963-ல் இதையெல்லாம் ஒரு நூலாக எழுதினார். அதில் அவர் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று உண்டு. ஆசிரியர் "நல்லா பண்ணின", "சரியில்லை" என்று இரண்டுமே சொல்லக் கூடாது. பாராட்டுக்காகச் செய்யத் தொடங்கிய நிமிடத்தில் பிள்ளை விளையாட்டை விட்டு வெளியே வந்துவிடுகிறது.

இது நமக்கு மிகவும் கஷ்டம். 'வெரி குட்' சொல்லிச் சொல்லியே பழகிய வாய். அதற்குப் பதில் விளையாட்டுக்கு உள்ளேயிருந்து குரல் கொடுக்க வேண்டும்: "பந்து எவ்வளவு கனம்?" "சூடா இருக்கா?" "அதை விட்டுக் கண்ணை எடுக்காதே." இவ்வளவு போதும்.

முதல் வாரம் நான் செய்வது இதுதான். மேசை பெஞ்சையெல்லாம் ஓரம் தள்ள இடமில்லையென்றால் வேப்பமரத்தடியோ வராந்தாவோ எதுவானாலும் சரி. வட்டமாக நிற்கச் சொல்வேன். கையில் இல்லாத பந்து ஒன்றை எடுத்து, யாருக்கு எறிகிறேனோ அவர் கண்ணைப் பார்த்து எறிவேன். பத்து நிமிடத்தில் பந்து கிரிக்கெட் பந்திலிருந்து தேங்காயாகி, சூடான இட்லியாகி, கோழிக்குஞ்சாகிவிடும். கோழிக்குஞ்சு வந்ததும் கவனித்துப் பாருங்கள்: காலையில் ஒருவனை ஒருவன் அடித்த அதே கைகள் ஒன்றுமில்லாத காற்றைக் குழித்து ஏந்தி வாங்கும்.

அடுத்தது கண்ணாடி. இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று, ஒருவர் மெதுவாக அசைய மற்றவர் பிம்பமாக அசைவது. பேசாத பிள்ளைக்கு இது ஒரு வரம். பேச வேண்டியதே இல்லை, ஆனால் ஒருவர் தன்னையே முழுசாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆணும் பெண்ணும் சேர்ந்த வகுப்பில் யார் யாரோடு என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். தொட வேண்டிய விளையாட்டு எதுவும் முதல் மாதத்தில் வேண்டாம்.

பிறகு பாஷை விளையாட்டு. நம் பிள்ளைகளுக்கு 'க' பாஷை தெரியும். அதைவிட ஒரு படி மேலே போய், அர்த்தமே இல்லாத ஒரு மொழியில் ஒருத்தி ஆவேசமாகச் சொற்பொழிவு செய்ய, பக்கத்தில் நிற்பவன் அதைத் தமிழில் மொழிபெயர்க்க வேண்டும். சொல் கிடைக்காத கோபம், ஆற்றாமை எல்லாம் அந்தப் புரியாத மொழியில் அப்படியே வரும். என்ன சொன்னாள் என்று யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை. மொழிபெயர்ப்பவன் "நாளைக்குச் சத்துணவில் முட்டை இரண்டு வேணும்னு தலைவி கேட்கிறாங்க" என்பான். மொத்த வகுப்பும் சிரிக்கும், அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

சிரிப்பைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நண்பன் இறந்த வகுப்பில் பிள்ளைகளுக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கும்: 'அவன் போயிட்டான், நான் சிரிக்கலாமா?' பெரியவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் அதற்குப் பதில் தேடுவார்கள். ஒரு பள்ளியில் இந்த விளையாட்டின் நடுவே குபீரென்று சிரித்த ஒரு பெண் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு மிஸ்ஸைப் பார்த்தாள். நல்லவேளை, அந்த மிஸ்ஸும் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் கையை எடுத்துவிட்டாள். எந்தக் கவுன்சலிங் வார்த்தையும் அந்த இடத்தில் அதைவிட நன்றாக வேலை செய்திருக்காது. அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் ஓரமாக நின்று நடத்தக் கூடாது. வட்டத்துக்குள் நிற்க வேண்டும், ஆட வேண்டும், பந்தைத் தவற விட வேண்டும். தவற விட்டவருக்கு எல்லோரும் கைதட்டுவது என்று முதல் நாளே ஒரு விதி வையுங்கள், முதல் கைதட்டலை நீங்கள் வாங்குங்கள். தப்புக்கு அடி விழுந்த, மார்க் குறைந்த இடத்தில் தப்புக்குக் கைதட்டல் விழுவது சின்ன மாற்றமில்லை.

மூன்று நான்கு வாரம் ஆன பிறகு இம்ப்ரோவின் அடிப்படை விதிக்கு வரலாம். எதிரே இருப்பவர் எதைச் சொன்னாலும் "ஆமா" என்று ஏற்று, அதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். நம் பிள்ளைகள் முதலில் "இல்ல"தான் சொல்வார்கள். ஒருவன் "டேய், பஸ்ல யானை ஏறிடுச்சுடா" என்றால், "போடா, யானை எப்படிடா ஏறும்" என்று அடுத்தவன் ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடுவான். "ஆமா, அப்புறம்" என்று தொடங்கச் சொல்லுங்கள். "ஆமா, அப்புறம் அது லேடீஸ் சீட்ல உட்கார்ந்திருக்கு." "ஆமா, அப்புறம் அது பாஸ் வெச்சிருக்கு." இப்படிப் போகும். மாதக்கணக்காக யாரோடும் பேசாத பிள்ளை ஒரே ஒரு வார்த்தை சொல்லி, அதை இன்னொருவன் ஏற்றுக்கொண்டு அதன் மேல் கட்டுவதைப் பார்க்கும்போது அதன் முதுகு நிமிர்வதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஏன் ஆண்டுவிழா நாடகம் போல எழுதிய நாடகத்தையே போடக் கூடாது என்று தலைமையாசிரியர் கேட்பார். போடலாம், அதற்கும் பலன் உண்டு. ஆனால் அதற்குக் குரல் நன்றாக இருப்பவர்களைத்தான் பொறுக்குவோம்; வாய் மூடிய பிள்ளை மரமாகவோ திரை இழுப்பவனாகவோ நிற்கும். இன்னொன்று, துக்கம் வந்த வீட்டிலும் வகுப்பிலும் எல்லோரையும் அரிப்பது 'அடுத்து என்ன ஆகுமோ' என்பதுதான். நேற்று இருந்தவன் இன்றைக்கு இல்லை என்றால் எதுவும் நடக்கலாம் என்று பிள்ளையின் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. இம்ப்ரோவில் அடுத்தது என்ன என்று தெரியாமல் நிற்பதே பயிற்சி, அதுவும் பக்கத்தில் ஆள் இருக்க, ஆபத்தில்லாத இடத்தில். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், எழுதிய வசனத்தைச் செய்தவர்களையும் 20 நிமிடம் இம்ப்ரோவ் செய்தவர்களையும் ஒப்பிட்டார்கள். இம்ப்ரோவ் செய்தவர்களுக்கு நிச்சயமின்மையைத் தாங்கும் தன்மையும் மனநிலையும் மேம்பட்டிருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் பள்ளிகளில் 10 வாரம் நடந்த இம்ப்ரோவ் வகுப்புகளை ஆராய்ந்ததில், நாலு பேர் முன்னால் பேசவே பயப்படும் பிள்ளைகளிடம் அந்தப் பயம் குறைந்திருந்தது. தலைமையாசிரியரிடம் காட்ட இவை உதவும். ஆனால் இதைத் துக்கத்துக்கு மருந்து என்று யாரும் நிரூபித்துவிட்டதாகச் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகள் மறுபடி ஒருவரோடு ஒருவர் இருக்கப் பழகும் இடம் இது. நான் உறுதியாகச் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

போர் நடந்த மண்ணிலும் இதைச் செய்திருக்கிறார்கள். மட்டக்களப்பில் 1996-ல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்று தொடங்கினார்கள். சண்டைக்கு நடுவே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் தங்கள் தங்கள் ஊர்களிலிருந்து பேருந்தில் வந்து அங்கே சேர்ந்து களிமண் பிசைந்தார்கள், வரைந்தார்கள், கதை கட்டினார்கள், நடித்தார்கள். ஒருநாள் முகாமாக வந்துவிட்டுப் போகவில்லை, மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் 1978-ல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கமும் அவரோடு வளர்ந்தவர்களும் சிறுவர் அரங்கைக் கூடி விளையாடும் இடமாகவே பார்த்தார்கள். அங்கே 'அரங்க விளையாட்டு' என்றே சொல்வார்கள். எனக்கு 'இம்ப்ரோவ்' என்பதைவிட அந்தச் சொல்தான் பிடிக்கும். இவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பொறுமை. ஒரே நாளில் மூன்று மணி நேரம் பட்டறை நடத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு போவதைவிட, வாரம் ஒரு பீரியட், அதே நாள், அதே மரத்தடி, ஒரு முழுப் பருவம் என்பது பல மடங்கு மேல். அடுத்து என்ன என்று தெரியாத பிள்ளைக்கு, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் விளையாட்டு உண்டு என்று தெரிந்திருப்பதே ஒரு பிடிமானம். அந்தப் பீரியடைக் கணக்குக்குக் கடன் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் வகுப்புக்கென்று சில எச்சரிக்கைகள். 'அவுட்' ஆக்கும் விளையாட்டு எதுவும் வேண்டாம், ஏற்கெனவே ஒருவன் இல்லாமல் போன வகுப்பு அது. கண்ணைக் கட்டுவது, பின்னால் சாய்ந்து விழுந்து பிடிப்பது, பிணம் மாதிரி படுப்பது வேண்டாம். குளம், படகு, மீன் என்று நீங்களாகச் சூழல் கொடுக்காதீர்கள். ஆனால் ஒரு பிள்ளையே தண்ணீரைக் கொண்டுவந்தால் பதறிப்போய் நிறுத்தாதீர்கள், மணல்மேட்டுப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். கூடவே நில்லுங்கள், "இப்ப யார் பக்கத்துல இருக்காங்க?" என்று ஆட்டத்துக்குள்ளேயே ஒரு துணையைக் கொண்டுவாருங்கள். சேர விருப்பமில்லை என்றால் "பாஸ்" என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு, காரணம் கேட்கக் கூடாது. அப்படி உட்காரும் பிள்ளைக்கு பெஞ்சில் தாளம் தட்டும் வேலையைக் கொடுங்கள். தாளம் தட்டிக்கொண்டே எத்தனையோ பேர் ஆறாவது வாரத்தில் வட்டத்துக்குள் வந்திருக்கிறார்கள்.

முடிக்கும்போது ஐந்து நிமிடமாவது விடுங்கள். உட்கார்ந்து மூச்சை இழுத்து விட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, "எது கஷ்டமா இருந்துச்சு? எது பிடிச்சது?" என்று விளையாட்டைப் பற்றி மட்டும் கேளுங்கள். "அவனை நினைச்சியா?" என்று கேட்காதீர்கள். அவர்களே அவன் பெயரைச் சொன்னால் நீங்களும் பெயர் சொல்லியே பேசுங்கள். பெயரை விழுங்க வேண்டாம்.

யாராவது அழுதால் அழட்டும். இன்னொரு ஆசிரியரையும் கூட வைத்துக்கொண்டால் ஒருவர் அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்காரலாம், மற்றவர் ஆட்டத்தை நிறுத்தாமல் நடத்தலாம். ஆனால் அன்று ஏரிக்கரையில் கூட இருந்த பிள்ளைகள் யாராவது உங்கள் வகுப்பில் இருந்தால் அவர்களை விளையாட்டை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, 'நானும் போயிடறேன்' என்பது போன்ற பேச்சு, தன்னையே காயப்படுத்திக்கொள்வது இதில் ஏதாவது கண்ணில் பட்டால் அன்றைக்கே பெற்றோரிடம் பேசி அரசு மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416; இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். ஆசிரியராக நீங்களும் அதில் கூப்பிட்டு யோசனை கேட்கலாம். அவனுக்கும் பாடம் எடுத்தவர் நீங்கள். உங்களுக்காகவும் கூப்பிடலாம்.

ஆகஸ்தோ போவால் என்ற பிரேசில்காரர் வளர்த்த ஃபோரம் தியேட்டர் பற்றியும் உங்கள் பயிற்சியில் சொல்லியிருக்கக்கூடும். ஒரு அநியாயத்தைக் காட்சியாகப் போட, பார்ப்பவர் "நிறுத்து" என்று சொல்லி மேடையேறி வேறு மாதிரி நடந்து பார்க்கும் முறை அது. மேற்கு வங்காளத்தில் 1985-ல் தொடங்கிய ஜன சம்ஸ்கிருதி என்ற குழு இதைக் கிராமங்களில் செய்கிறது. வகுப்பில் நடக்கும் கேலி, சாதிப் பேச்சு, அடிதடிக்கு அது நல்ல கருவி. இறப்புக்கு அது பொருந்தாது. 'இப்படிச் செய்திருந்தால் அவன் பிழைத்திருப்பானே' என்று பிள்ளைகள் மேடையில் தேடத் தொடங்கினால், ஏற்கெனவே ராத்திரியில் தனியாகத் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளை நொறுங்கிவிடும்.

நீங்கள் கேட்டதைப் போலவே ஒரு வகுப்பில் சில வருடங்களுக்கு முன் வேலை செய்தேன். அங்கே சாலை விபத்து. முதல் நாள் வட்டம் போடச் சொன்னபோது ஒரு பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றார்கள். யாரும் சொல்லி விடவில்லை. நெருங்கி வரச் சொல்ல வாயெடுத்தேன், அந்த மிஸ் என் கையை லேசாகத் தொட்டார். அப்படியே விட்டோம். ஒவ்வொரு வாரமும் அந்த இடம் இருந்தது. ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, பந்து வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பையன் அதை அந்தக் காலி இடத்துக்கு எறிந்தான். ஒரு கணம் எல்லோரும் நின்றுவிட்டார்கள். எதிர்ப்பக்கம் நின்ற ஒரு பெண் ஓடிப்போய் அந்த இடத்தில் குனிந்து பந்தைப் பொறுக்கினாள், பாவாடையில் துடைத்தாள், "சூடா இருக்குடா, பிடி" என்று அவனுக்கே திருப்பி எறிந்தாள். அவன் பிடித்துக்கொண்டான். நான் ஒன்றும் கேட்கவில்லை. மணி அடிக்கும்வரை பந்து போய்க்கொண்டே இருந்தது.